ஆச்சு என்று சொல்லும்வரை

“நீ படிக்கவே மாட்டேங்கிற பிரபா. முதல் வரியைப் பாக்கிற, கடைசி வரியைப் பாக்கிற. நடுவுல நான் உயிரைக் கொடுத்து எழுதினதெல்லாம் உனக்குச் சாம்பார்ல மிதக்கிற கறிவேப்பிலை.” கறிவேப்பிலையாம். இந்த மனுஷனுக்கு உவமையெல்லாம் சமையலறையிலிருந்து வரும், கால் மட்டும் சமையலறைக்குள் வராது. படிக்காமலா போன தடவை மூன்றாவது வரியில் ‘பிறகு இயக்கவும்’ என்று போட்டுவிட்டு எதை, எங்கே என்று எழுதாமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன்? படிக்கிறேன் ஐயா, எல்லாரும் படிக்கிற மாதிரி படிக்கிறேன், அவசரமாக, அடுப்பில் ஒரு காது வைத்துக்கொண்டு, அதற்காகத்தானே என்னை இங்கே உட்கார வைக்கிறீர்கள், ஆற அமரப் படிக்கிறவள் வேண்டுமானால் காலேஜ் லைப்ரரியில் போய்த் தேடுவதுதானே. இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனா மனதில் சொன்னேனா தெரியவில்லை, பாதி வெளியே வந்திருக்கும், ஏனென்றால் அவர் முகம் தூக்கிக்கொண்டது. “சரி, சண்டை அப்புறம். சோதனை ஆரம்பிச்சாச்சு. இனிமே வாயைத் திறக்கக் கூடாது” என்றேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு எனக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார், மடியில் ஒரு பழைய காகிதம், கையில் பென்சில். அவரே போட்ட சட்டம் அது. ஒவ்வொரு வெர்ஷன் வெளியே போவதற்கு முன்னாலும் பெண்ணின் பழைய லேப்டாப்பைத் துடைத்துத் துலக்கிப் பச்சைக் குழந்தையாக்கி இந்தச் சாப்பாட்டு மேஜையில் வைப்பார், அவர் எழுதிய வழிமுறைப் பக்கத்தைத் திறந்து வைப்பார், நான் அதை மட்டும் பார்த்து இன்ஸ்டால் செய்ய வேண்டும், நான் திட்டுவதையெல்லாம் அவர் குறித்துக்கொள்ள வேண்டும், நான் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை அவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆச்சு என்று சொன்னால் அன்றைக்கே ரிலீஸ். ஏன் நான் என்று முதல் தடவையே கேட்டேன். “உனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது பிரபா, அதுதான் உன் தகுதி” என்றார், பாராட்டுகிற முகத்தோடு. அன்று சாயங்காலம் காப்பி கொடுக்கவில்லை.

கருப்புத் திரையைத் திறந்தாயிற்று. அதில் வெள்ளையாக ஒரு கோடு துடிக்கிறது, விட்டு விட்டு, ஒழுங்காக, இதற்கெல்லாம் ஒழுங்காகத் துடிக்கத் தெரிகிறது. முதல் கட்டளையை அடிக்கிறேன், பத்து விரலாலும், கீழே பார்க்காமல். கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் டைப்ரைட்டர் மேல் துணியைப் போட்டு மூடி, துணிக்குள் கையை விட்டு அடிக்கச் சொல்வாள், எட்டிப் பார்த்த பெண்ணுக்கு ரூலரால் விரல் முட்டியில் ஒன்று. பாலிடெக்னிக்கில் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த என் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு விரலால் கோழி மாதிரிக் கொத்துகிறார். அந்தக் கொத்தலில் கட்டியதுதான் இந்த ‘அடுக்கு’. நாத்தனார் ஒரு தடவை, அண்ணன் ரூமுக்குள்ள அப்படி என்னதான் பண்றான் என்று கேட்டதற்கு நான் சொன்னேன், மாவு ஆட்டறார், புளிக்க வச்சுப் பாக்கெட் போட்டு வாசல்ல வைக்கிறார், யார் வேணும்னாலும் எடுத்துட்டுப் போய் இட்லியோ தோசையோ ஊத்திக்கலாம், காசு கிடையாது, எப்படி ஆட்டினார்னு எட்டிப் பார்க்கலாம், குறையும் சொல்லலாம், குறை சொல்றவங்கதான் ஜாஸ்தி. இவர்கள் கம்ப்யூட்டர் பாஷையில் லைப்ரரி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் அவர் சகாக்கள் யாரிடமும் நான் கேட்டதில்லை. இவர் மாவு பெயர்களை வரிசைப்படுத்தும், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குத் தமிழ் அகர வரிசை தெரியாது, ‘ன’வைக் கொண்டு போய் ‘ந’வுக்குப் பக்கத்தில் வைக்கிறது, அதனால் வகுப்பில் கமலாவுக்கு முன்னால் கனகா வந்துவிடுகிறாள். எந்த ஊர் நியாயம் இது, க ங ச சொல்லிப் பார்த்தால் ‘ன’ கடைசியிலே அல்லவா நிற்கிறது? ஒரு கமலா வந்து, சார் நான்தானே முன்னால வரணும் என்று கேட்டுவிட்டாள், அவ்வளவுதான், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை இவருக்கு. அந்தக் கமலாவுக்கு இப்போது காலேஜ் போகிற பிள்ளை இருக்கும். அவளுக்கு நியாயம் கிடைத்ததே தெரியாது. பெயர் வைத்தது நான், ஏதாவது பேர் சொல்லு பேர் சொல்லு என்று நச்சரித்தபோது பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தேன், அடுக்கு என்றேன், உடனே ஓடிப் போய்க் கொத்தினார்.

இரண்டாவது கட்டளைக்கு முன்னால் ஒரு டாலர் குறி போட்டிருக்கிறது, பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ‘டாலரை அடிக்க வேண்டாம்’. அது என்னால் வந்த வரி. முதல் சோதனையில் பக்கத்தில் எழுதியிருந்தபடியே டாலரோடு அடித்தேன், மெஷின் திட்டியது, மறுபடி அடித்தேன், மறுபடி திட்டியது, பின்னால் இவர் வாயைத் திறக்க முடியாமல் நாற்காலியில் நெளிகிற சத்தம் கேட்டது. கட்டளை எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்ட அவர்கள் பழக்கத்தில் வைக்கிற குறியாம் அது, அடிக்கக் கூடாதாம். எழுதி வைத்ததை அடிக்கக் கூடாது என்று எவனுக்குத் தெரியும்? அந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகு எங்கிருந்தோ ஒருத்தர் எழுதினார், இதற்காகவே உங்களைக் கும்பிடுகிறேன் என்று. கும்பிடு எனக்கு வர வேண்டியது, அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னால் மூச்சு கேட்கிறது. கேட்கக் கூடாது என்று நினைத்தால் இன்னும் கேட்கிறது. இழுத்து, நின்று, நடுவில் எதையோ தாண்டி, மறுபடி இழுத்து. மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஃபோனைப் பார்ப்பது போல நடிப்பார், எதிர்வீட்டு அம்மாள்கூட நம்பினாள், சார் எப்பவும் பிஸி என்று. நான் நம்பினேனா? நானும்தான் கொஞ்ச நாள் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது. பிறகு டாக்டர் படத்தைக் காட்டினார், இதயத்துக்குள் ஒரு கதவு, திறக்கும்போது முழுசாகத் திறக்காத ஒரு கதவு, நம் பாத்ரூம் கதவு மழைக்காலத்தில் செய்வது மாதிரி. திங்கட்கிழமை ஆபரேஷன். இன்று சனிக்கிழமை. நாளை பெண் நித்திலா புனேயிலிருந்து வந்துவிடுவாள், நாளை மத்தியானமே அட்மிஷன். டாக்டர் சின்ன வயசு, ஷூ மட்டும் விளையாட்டு வாத்தியார் மாதிரி, இரண்டு வகை வால்வு இருக்கு சார், உலோகம் ஆயுசுக்கும் வரும் ஆனா தினம் மாத்திரை, திசு வால்வுன்னா பின்னால ஒரு நாள் தேயும் என்றார். இவர் கேட்ட கேள்வி என்ன தெரியுமா, “தேஞ்சா, அடுத்த வால்வு இதே இடத்துல உக்காருமா சார்?” உக்காரும் சார், இதுக்குள்ளேயே வைக்கலாம் என்றார் டாக்டர். இவர் முகம் அப்படி மலர்ந்தது, ஏதோ நல்ல வரன் வந்த மாதிரி. ஆட்டோவில் வரும்போது என்னைத் தட்டி, “பாத்தியா, அடுத்த வெர்ஷனுக்கு இடம் விட்டுத்தான் பண்றாங்க” என்றார். உடம்பை அறுக்கப் போகிறார்கள், இவர் அவர்களுடைய வேலைத் திட்டத்துக்கு மார்க் போடுகிறார்.

அப்படி இடம் விடுவதை மெச்சுகிற மனுஷன் இந்த வெர்ஷனுக்கு மட்டும் ஏன் ‘ஒன்று’ என்று எண் போட வேண்டும். அதுதான் என் கேள்வி, அதைத்தான் காலையிலிருந்து கேட்க வந்து கேட்க வந்து கறிவேப்பிலைச் சண்டையில் முடிந்தது. இத்தனை காலமாக அடுக்குக்குப் பூஜ்யம் புள்ளி என்றுதான் எண். பூஜ்யத்தில் ஆரம்பித்தால் இன்னும் வேலை நடக்கிறது, எது வேண்டுமானாலும் மாறலாம் என்று அர்த்தம். ஒன்று புள்ளி பூஜ்யம் என்று போட்டால் அது வாக்கு, இனி இதை நம்பிக் கட்டலாம், அடியிலிருந்து உருவ மாட்டேன் என்று ஊருக்குச் சொல்வது. எத்தனை வருஷம் நானே கேட்டிருக்கிறேன், ஊரெல்லாம் உபயோகிக்குது, அகராதிக்காரங்க உபயோகிக்கறாங்க, எப்பத்தான் ஒண்ணு போடுவீங்க, உங்களுக்கென்ன கை நடுங்குதா என்று. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு பிரபா என்பார். போன வருஷம் பூஜ்யம் புள்ளி ஒன்பது புள்ளி ஒன்பது வந்தது, அப்பாடா அடுத்தது ஒன்றுதான் என்று பாயசம் வைத்தேன், வந்து நின்றது பூஜ்யம் புள்ளி ஒன்பது புள்ளி பத்து. இது எந்தக் கணக்கு என்று சண்டை போட்டேன், ஒன்பதைவிடச் சின்னதாக அல்லவா போகும், சிஸ்டர் பெர்னதெத் பார்த்தால் ரூலரை எடுப்பாள். அது பின்னம் கிடையாதாம். புள்ளிக்குப் புள்ளி தனித்தனி எண்ணாம், பத்து, பதினொன்று, நூறுகூடப் போகலாமாம், முடிவே கிடையாதாம். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது பதினாலில் நிற்கிறது. டாக்டரிடம் ஆபரேஷனுக்குத் தேதி குறித்து வந்த அன்று ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார், “ஒண்ணு போட்டுடலாம்னு இருக்கேன்.” பாக்கி இருந்த கொஞ்சம் எங்கே போச்சு? நான் கேட்கவில்லை. மறுநாள் இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊற்றுவது எப்படி என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கு மறுநாள் மோட்டார் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டால் எங்கே தட்டுவது. கேஸ்காரன் நம்பரை என் ஃபோனில் ஏற்றினார். ஸ்கூட்டரைத் துடைத்து கவர் போட்டார். எல்லாம் ஒன்றும் நடக்காத குரலில். ஒன்று புள்ளி பூஜ்யமும் அந்த வரிசையில்தான் வருகிறது, எனக்கு அகர வரிசை தெரியாதா, எது எதற்குப் பின்னால் வைக்கப்படுகிறது என்று.

குக்கர் விசில். எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் சோதனை கெட்டது என்பார், இல்லை, எழுந்திருக்கலாம், ஊரில் எல்லாரும் எழுந்து போய்த்தானே வருவார்கள். போய் அணைத்துவிட்டு வருகிறேன், வருகிறபோது அவரைப் பார்க்காமல் வருகிறேன், பார்த்தால் அந்தப் பென்சில் காதில் செருகியிருக்கும், ஆசாரி மாதிரி, அதைப் பார்த்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடும். உப்பில்லாத முருங்கைக்காய்ச் சாம்பார் அது. உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்கிறார், மாவடு ஜாடியில் மட்டம் இறங்குவது எலி வேலை போலிருக்கிறது. மூன்றாவது கட்டளை, தனி அறை உண்டாக்குவது. இது எனக்குப் பிடித்த வரி. புதுசாக ஒன்றை இன்ஸ்டால் செய்வதற்கு முன் மெஷினுக்குள் அதற்கென்று ஒரு தனி இடம் ஒதுக்கி, பழைய சாமான்களோடு மோதாமல் உள்ளே வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் அம்மா சமையலறையில் என் டப்பாக்களும் அவர்கள் டப்பாக்களும் மோதியபோது இந்த ஞானம் ஏன் இந்த மனுஷனுக்கு வரவில்லை என்று ஒரு சோதனையில் சத்தமாகவே கேட்டேன், பேச முடியாதல்லவா, நன்றாகக் கேட்டேன், காகிதத்தில் அதையும் குறித்துவைத்திருந்தார். ‘தனி அறை ஏன் என்று விளக்க வேண்டும். அம்மா.’ அறை உண்டாகிறது, திரை யோசிக்கிறது. துஷ்யந்தி நினைவுக்கு வருகிறாள். மட்டக்களப்பில் டீச்சர், முகத்தை வீடியோவில் மட்டும் பார்த்திருக்கிறேன், இவர் விட்ட பிழையைக் கண்டுபிடித்து எழுதி எழுதியே வேலைக்குள் வந்து சேர்ந்த பெண், இரண்டு பேரும் ‘ஷ’வை எங்கே வைப்பது என்று மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். நேற்று வெளியிடும் உரிமையை அவளுக்கும் கொடுத்துவிட்டார், அதாவது இனி இவர் இல்லாமலே அவள் புது வெர்ஷனை அனுப்பலாம். வீடியோவில் அவர்கள் பேசும்போது நான் குறுக்கே வந்து எட்டிப் பார்த்தேன். “அன்ரி, நான் சேர்ட்டச் சொன்னன், ஆஸ்பத்திரியால வந்தாப் பிறகு தாங்க எண்டு. இல்லப் பிள்ள, இப்பவே வச்சுக்கொள் எண்டுறார். எனக்குப் பயமாக் கிடக்கு அன்ரி.” பயப்பட என்ன இருக்கு, சாவிதானே கொடுக்கிறார், வீட்டையா எழுதிக் கொடுக்கிறார் என்று வெடுக்கென்று சொன்னேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அதே பயம் என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வருகிறதா.

நாலாவது, இதுதான் முக்கியமான கட்டளை, இன்ஸ்டால் அடுக்கு. அடித்து என்டர் தட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நாற்காலி லேசாக முனகுகிறது, என்ன நிறுத்திட்டா என்று. நிறுத்தவில்லை, மாவடு ஜாடியை யோசிக்கிறேன், யாரோ துளை போடுகிற சத்தத்தை யோசிக்கிறேன், அடுத்த வீட்டில் எப்போது பார்த்தாலும் சுவரில் துளை போடுகிறார்கள், அத்தனை ஆணியில் எதைத்தான் மாட்டுகிறார்கள். ஒரு தப்பு செய்துவிடலாமா? எழுத்தை மாற்றி அடித்தால் மெஷின் திட்டும், நான் மெஷினைத் திட்டுவேன், இவர் பக்கத்தைத் திருத்தி எழுதுவார், பொழுது போய்விடும், நாளை நித்திலா வந்துவிடுவாள், அட்மிஷன், ரிலீஸ் தள்ளிப் போகும். ஆனால் என் விரலுக்குத் தப்பாக அடிக்கத் தெரியவில்லை, அந்தச் சிஸ்டர் நாசமாய்ப் போக, நன்றாக இருக்கட்டும், அவள் அப்படிப் பழக்கிவைத்திருக்கிறாள். தட்டினேன். வரி வரியாக ஓடுகிறது, எங்கிருந்தோ எடுக்கிறேன் என்கிறது, கொண்டு வருகிறேன் என்கிறது, அளவு சரியா பார்க்கிறேன் என்கிறது, வீட்டில் ஒருத்தருக்கும் இல்லாத பொறுப்போடு ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்கிறது. நின்றது. வெற்றி என்று போட்டது. அடுக்கு, பூஜ்யம் புள்ளி ஒன்பது புள்ளி பதினாலு.

மறுபடி படித்தேன். படிக்கவே மாட்டேங்கிறேனாம், இதோ படிக்கிறேன், முதல் எழுத்திலிருந்து. பதினாலு. பழையது. ஒன்று வரவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், நானும் கலைக்கவில்லை, இத்தனை சோதனைக்குப் பிறகு ஒரு மண்ணாங்கட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும். ரிலீஸ் ஆகாத வெர்ஷனைச் சோதனைக்கென்று மேலே ஏற்றிவைத்திருப்பார், ஆனால் மெஷின் அதைத் தானாக எடுத்துக் கொடுக்காது, பழுக்காததையும் கொடு என்று கட்டளையின் வாலில் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தால்தான் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லை எனக்காகப் பக்கத்தில் சேர்த்து வைப்பார். இந்தத் தடவை இல்லை. நடு வரிகளை ஒன்று விடாமல் தேடிவிட்டேன், இல்லை. மறக்கிற ஆளா இது? கேஸை மூடிவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து கேஸைப் பார்க்கிற ஆள். பயணத்துக்கு டிக்கெட்டை மூன்று பையில் மூன்று நகல் வைக்கிற ஆள். ஏதோ ஒரு ராத்திரி, நான் தூங்கிவிட்டதாக நினைத்து, அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு விரலால் இந்தப் பக்கத்தைக் கொத்தியிருக்கிறார், அந்த இடத்துக்கு வந்ததும் விரல் வேறு எங்கோ போயிருக்கிறது. அப்படியென்றால் அவருக்கும் பயம். என்னிடம் மோட்டாரைத் தட்டிக் காட்டியபோது, ஆட்டோவில் சிரித்தபோது, இப்போது பின்னால் காதில் பென்சிலோடு. இத்தனை நாள் அவர் பயப்படவில்லை என்பதுதான் எனக்குக் கோபம் என்று இப்போது தெரிகிறது, ஒருத்தி மட்டும் எப்படித் தனியாகப் பயப்படுவது, இவ்வளவு பெரிய வீட்டில். கடைசிக் கட்டளை, கனகாவையும் கமலாவையும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வது. அடித்தேன். கமலா, கனகா. பழையதும் சரியாகத்தான் அடுக்குகிறது. இப்போது நான் ஆச்சு என்று சொன்னால் அவர் எழுந்து வந்து ஒன்று போட்டுவிடுவார், பார்க்காமலே போடுவார், நான் சொன்னால் அப்படியே நம்புவார். தப்பைச் சொன்னால் குறித்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சேர்த்து, மறுபடி என்னை உட்கார வைத்து, சாயங்காலத்துக்குள் போட்டுவிடுவார். எப்படிப் போனாலும் அங்கேதான் போகிறது. அவரே சொல்வார், ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு புள்ளி ஒண்ணு இருக்குல்ல பிரபா, ஏன் இப்படிப் பாக்கிற என்று. இருக்கிறது. அதை யார் போடுவார்கள் என்பதுதானே கேள்வி. துஷ்யந்தி நன்றாகப் போடுவாள், கெட்டிக்காரி. எனக்கு அவள் போட வேண்டாம்.

திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினேன், சோதனையில் எப்போதும் திட்டுகிற குரலில், வேறு குரல் என்னிடம் இருந்தால்தானே. “இங்க பாருங்க, உங்க பக்கத்துல ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கு. அதனால பழசுதான் இன்ஸ்டால் ஆகியிருக்கு. குறிச்சுக்குங்க.” பென்சில் ஓடுகிற சத்தம் வரவில்லை. “குறிக்க வேண்டாம், விடுங்க. அது அப்படியே இருக்கட்டும். ஒண்ணு இன்னிக்குப் போட வேண்டாம். அடுத்த மாசம் வந்து உக்காந்து அந்த வார்த்தையைச் சேருங்க, அப்புறம் நான் ஆச்சு சொல்றேன், அதுவரைக்கும் சொல்ல மாட்டேன், செத்தாலும் சொல்ல மாட்டேன்.” என்ன வார்த்தை வருகிறது என் வாயில், சனிக்கிழமையும் அதுவுமாக. அடுத்த வீட்டில் துளை போடுகிறவன் நிறுத்தியிருக்கிறான். அந்த மூச்சு, இழுத்து, நின்று, தாண்டி. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், மைக்கா பெயர்ந்த இடம் விரலில் குத்தியது. “ஏங்க, இந்த ஒரு தடவை உங்க சட்டத்தை விடுங்க. வாயைத் திறந்து, வந்து நானே திருத்திக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.” நாற்காலி முனகவில்லை, மூச்சு மட்டும் வந்து வந்து போனது. ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உதறி அடங்கியது. “சொல்லுங்களேன்.”